கெட்ச்சா, ஸ்லூப்பா? மன்னார் வளைகுடாவுக்கு ஒரு 36 அடிப் பாய்மரப் படகு: நிகழ்வு ஆய்வு

மதுரையில் வீடு, தூத்துக்குடியில் படகு. கணவருக்கு 58 வயது, மனைவிக்கு 54. மச்சான் ஒருவர் எப்போதாவது கூட வருவார். அவரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று இருவருமே சொல்லிவிட்டார்கள். ஆக, ஆட்கள் இரண்டே பேர். ஒருவர் தூங்கினால் மேல்தளத்தில் ஒருவர்தான்.

பார்த்து வைத்திருந்தவை இரண்டு பழைய ஃபைபர் படகுகள். இரண்டுக்கும் நீளம் 36 அடி, சாமான்கள் ஏற்றிய எடை 8 டன். ஒன்று ஸ்லூப்: ஒரே பாய்மரம், அதில் ஒரு மெயின் பாய், முன்னால் ஒரு முன்பாய். மற்றது கெட்ச்: முன்னால் பெரிய மரம், சுக்கான் தண்டுக்குச் சற்று முன்பாகச் சின்னதாக இரண்டாவது மரம், அதில் மிசன் பாய். (அந்தச் சின்ன மரம் சுக்கான் தண்டுக்குப் பின்னால் போய்விட்டால் அது யால், அது இங்கே வேண்டாம்.) கெட்ச்சின் விலை குறைவு, உள்ளே இடம் அதிகம். கணவருக்கு மனசு அதில்தான் இருந்தது. இரண்டு பேர் ஓட்டுவதற்குக் கெட்ச்தான் லேசு, பாய்கள் சின்னச் சின்னதாகப் பிரிந்திருக்கும் என்று அவர் படித்திருந்தார். அது பொய்யில்லை. ஆனால் எந்த நீளத்துப் படகுக்கு, எந்தக் காற்றுக்கு என்பதைப் பொறுத்தது.

அளவுகள்

ஸ்லூப்பின் மெயின் பாய் மரத்தோரம் 12.3 மீட்டர், பூம் (பாயின் அடியோரத்தைத் தாங்கும் கிடைக்கட்டை) ஓரம் 4.5 மீட்டர், பரப்பு 27.7 சதுர மீட்டர். முன்பாய்க்கான முன்முக்கோணம் 14 மீட்டர் உயரம், 4.5 மீட்டர் அடி, 31.5 சதுர மீட்டர். மொத்தம் 59.2.

கெட்ச்சின் மெயின் 20.1, முன்முக்கோணம் 27, மிசன் 9.1. மொத்தம் 56.2.

எடையோடு ஒப்பிட, பாய்ப் பரப்பை இடம்பெயரும் நீரின் கன அளவின் மூன்றில் இரண்டு அடுக்கால் வகுக்க வேண்டும். 8 டன் என்றால் கடல்நீரில் 7.8 கன மீட்டர். அதன் மூன்றில் இரண்டு அடுக்கு 3.93. ஸ்லூப்புக்கு 15, கெட்ச்சுக்கு 14.3 வருகிறது. இரண்டுமே நிதானமான பயணப் படகுகள்தான். இந்த எண்ணை வைத்து முடிவெடுக்க முடியாது.

சாய்வில் வித்தியாசம் தெரிகிறது. ஒவ்வொரு பாயின் பரப்பையும் அதன் மையம் நீரடி எதிர்ப்பு மையத்துக்கு (பக்கவாட்டுத் தள்ளலை நீருக்கடியில் படகு எதிர்க்கும் புள்ளி) எவ்வளவு மேலே இருக்கிறதோ அந்த உயரத்தால் பெருக்கிக் கூட்டினால், முழுப் பாயில் ஸ்லூப்புக்கு 441, கெட்ச்சுக்கு 376. அதாவது ஒரே காற்றில் கெட்ச்சைச் சாய்க்கும் விசை ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவு. கெட்ச்சை விரும்புகிறவர்கள் சொல்லும் “நிமிர்ந்து போகும்” என்பதன் கணக்கு இதுதான். ஆனால் ஸ்லூப்பின் மெயினை ஒரு ரீஃப் குறைத்து, அதாவது அடியிலிருந்து 1.4 மீட்டர் இறக்கிக் கட்டி, மறுபடி கூட்டிப் பாருங்கள்: 382. இரண்டாவது மரம், அதன் கம்பிகள், அதன் பாய் எல்லாம் சேர்ந்து கொடுக்கும் நிமிர்வை ஒரே ஒரு ரீஃப் கொடுத்துவிடுகிறது. எனவே கேள்வி வேறு இடத்துக்குப் போகிறது: அந்த ரீஃபை யார், எப்போது, எவ்வளவு நேரத்தில் போடப்போகிறார்கள்?

அதை நேராகக் கேட்டது மனைவிதான். “ராத்திரி ரெண்டு மணிக்கு நீங்க உள்ள தூங்குறப்ப, ஒத்தை ஆளா நான் இந்தப் பாயைக் குறைச்சுருவேனாங்க?” இந்த ஆய்வு முழுக்க அந்தக் கேள்விக்கான பதில் என்றே வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கரையின் காற்று

கெட்ச் எந்தக் கோணத்தில் நன்றாக ஓடும் என்பது தெரிந்த விஷயம். காற்று பக்கவாட்டில் அடித்தால் மூன்று பாய்க்கும் சுத்தமான காற்று கிடைக்கும். அப்போது கெட்ச் ராஜா. காற்றை எதிர்த்து ஏறும்போது மெயினிலிருந்து கலங்கி வரும் காற்றுதான் மிசனுக்கு. அது உந்துவதை விட இழுப்பதே அதிகம். காற்று நேர் பின்னால் வந்தால் மிசன் மெயினை மறைக்கும், மெயின் முன்பாயை மறைக்கும்.

இப்போது வழியைப் பாருங்கள். தூத்துக்குடியிலிருந்து கன்னியாகுமரி தென்மேற்கே ஏறத்தாழ 60 கடல் மைல். அங்கிருந்து கொச்சி வடமேற்கே ஏறத்தாழ 140. மார்கழி, தை மாதங்களில் வாடை வடகிழக்கிலிருந்து வருகிறது. குமரிக்கு இறங்கும்போது காற்று நேர் முதுகில். அதே வாடை நிற்பதற்குள் திரும்பினால் குமரியிலிருந்து தூத்துக்குடிவரை நேர் மூஞ்சியில். கெட்ச்சுக்கு ஆகாத இரண்டு கோணமும் இந்த 60 மைலிலேயே வந்துவிடுகின்றன. கேரளக் கரையோரம் கதை மாறும். ராத்திரி நிலக்காற்று கிழக்கிலிருந்து வரும், பிற்பகலில் கடல்காற்று மேற்கு, வடமேற்கிலிருந்து. அந்த நிலக்காற்றில் 6 முதல் 12 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வரை கெட்ச்சுக்கு அருமையான ஓட்டம் உண்டு. இரண்டு மரத்துக்கும் நடுவே ஒரு லேசான நைலான் மிசன் ஸ்டேசெயில் ஏற்றலாம்: அடி மூலை காற்று வரும் பக்கத்தில் பெரிய மரத்தின் அடியில், தலை மிசன் மர உச்சியில், இழுகயிறு மிசன் பூம் நுனியில். 20 சதுர மீட்டர் கூடுதலாகக் கிடைக்கும். 14 நாட் தொடுமுன் இறக்கிவிட வேண்டும். இல்லையென்றால் அதுவே மிசன் மரத்தை ஆட்டி எடுக்கும்.

எதிர்க்காற்று ஓட்டத்தின் விலையைக் கணக்குப் போட்டே காட்டிவிடலாம். ஸ்லூப் இந்தக் குறுகிய அலையில் காற்று வரும் திசையிலிருந்து 50 பாகை விலகி வழித்தடம் பிடிக்கும் என்று கொள்வோம். 60 மைல் நேர்வழிக்கு வளைந்து வளைந்து ஓடும் தூரம் 93 மைல். 5 நாட்டில் பத்தொன்பது மணி நேரத்துக்குள். கெட்ச்சுக்கு 58 பாகை, 4.5 நாட்: 113 மைல், 25 மணி நேரம். இதில் பாய்மரத்தின் பங்கு பாதிதான். அந்தக் கெட்ச்சுக்கு நீண்ட கீல் (படகின் அடியில் நீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி), ஆழம் 1.5 மீட்டர், ஸ்லூப்புக்கு 1.8. ஆனால் பழைய கெட்ச்சுகள் பெரும்பாலும் நீண்ட கீலோடுதான் சந்தையில் கிடைக்கின்றன. பிரித்து வாங்க முடியாது.

தென்மேற்குப் பருவத்தில் கச்சான் ஏறிவிட்டால் இந்தப் பேச்சே இல்லை. அப்போது மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும், பாக் நீரிணைப் பக்கம் ஒதுங்கல். வாடைக் காலத்தில் இது தலைகீழ். மீன்பிடிப் படகுகள் பாம்பன் வழியாகப் பக்கம் மாறுவது அதனால்தான். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். 36 அடிப் படகை அந்த மாதத்தில் கட்டிவைப்பதே உத்தமம்.

பாயைக் குறைப்பது, படிப்படியாக

காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. 15 நாட்டில் சுகமாக இருக்கும் பாய் 30 நாட்டில் ஆபத்து. ஆக ஒவ்வொரு படகிலும் 30 நாட் வரை இறங்கும் வழி என்ன?

கெட்ச்சில் காற்று 18 தொட்டதும் முதலில் மிசன் இறங்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மிசனை விட்டுவிட்டு மெயினைக் குறைப்பார்கள். பின்னால் இருக்கும் பாய் மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பும், சுக்கானில் இருப்பவருக்குத் தோள் கழன்றுவிடும், ஆட்டோ பைலட் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். மிசனை இறக்கினால் 47 சதுர மீட்டர் மிச்சம், சுக்கான் லேசாகும். 25 நாட்டில் மெயினை முழுக்க இறக்கிவிட்டு மிசனை மறுபடி ஏற்றி, முன்பாயை உருட்டி 18 ஆக்கினால் மொத்தம் 27. இதுதான் கெட்ச்சின் புகழ்பெற்ற நிலை: முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நடுவில் வெறுமை. படகு சமநிலையில் போகும், மரத்தடிக்குப் போய் நிற்க வேண்டிய வேலை இல்லை. பக்கக் காற்றில் இது உண்மையிலேயே நிம்மதி. எதிர்க்காற்றில் படகு பக்கவாட்டில் நழுவுவது அதிகம். காற்று கரையை நோக்கித் தள்ளினால் இந்த நிலையை நம்பக் கூடாது.

ஸ்லூப்பில் 16 முதல் 18 நாட்டில் முதல் ரீஃப், மெயின் 21.8 ஆகும். 22, 24-ல் இரண்டாவது, 16.5. 30 நெருங்கும்போது மூன்றாவது, 11.4, கூடவே உருட்டும் முன்பாயை முழுக்கச் சுற்றிவிட்டு உள் முன்கம்பியில் (முன்கம்பிக்கும் மரத்துக்கும் நடுவே போடும் கம்பி) 10 சதுர மீட்டர் ஸ்டேசெயில். பழைய ஸ்லூப்புகளில் பெரும்பாலும் இரண்டு ரீஃப்தான் தைத்திருக்கும். மூன்றாவதைத் தைக்காமல் வாங்கிப் பயன் இல்லை. உருட்டும் முன்பாயைப் பாதி சுருட்டி வைத்துக்கொண்டு பலத்த காற்றில் ஏற முயல்வது இன்னொரு வழக்கமான தப்பு. சுருட்டிய பாய் பை போல உப்பி, மையம் மேலே ஏறி, படகைச் சாய்க்குமே தவிர முன்னால் தள்ளாது. அதனால்தான் கழற்றி மாட்டக்கூடிய உள் முன்கம்பி தேவைப்படுகிறது.

ரீஃப் போடும் வேலையைக் கையால் செய்து பார்த்தால்தான் பதில் கிடைக்கும். மெயினின் இழுகயிறைத் தளர்த்து. பூமைத் தாங்கும் கயிறை இறுக்கு. ஏற்றுகயிறைக் குறி வரைக்கும் விடு. மரத்தோர வளையத்தைக் கொக்கியில் மாட்டு. ஏற்றுகயிறை மறுபடி இறுக்கு. பின்மூலைக் கயிறை வின்ச்சில் (கயிறை இறுக்கும் உருளை) இழு. ஏற்றுகயிறில் மூன்று ரீஃபுக்கும் மூன்று நிறத்தில் நூல் சுற்றி வைத்தால் இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் தடுமாற வேண்டாம். 28 சதுர மீட்டர் மெயின் தாங்குபட்டைகளோடு சேர்த்து 20 கிலோவுக்குள் அடங்கும். பூமில் பக்கக் கயிறுகள் இருந்தால் பாய் தானாக அதற்குள் விழும். கயிறுகள் சுக்கானடிவரை வந்துவிட்டால், பழகிய கைக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகாது. மனைவி கேட்ட கேள்விக்கு இங்கே பதில் ‘முடியும்’தான்.

கெட்ச்சில் மெயின் 20 சதுர மீட்டர். அதைக் குறைப்பது இன்னும் லேசுதான். ஆனால் 20-க்கும் 28-க்கும் உள்ள வித்தியாசம் ஒரு ஆளின் கைக்குப் பெரிதாகத் தெரியாது. 28-க்கும் 45-க்கும் உள்ளது தெரியும். மெயின் 40 சதுர மீட்டரைத் தாண்டும் படகில்தான், அதாவது 45 அடிக்கு மேல், பாயைப் பிரிப்பது இரண்டு பேருக்கு நிஜமான உதவி. மின்வின்ச்சும் உருட்டும் முன்பாயும் வந்த பிறகு அந்த எல்லை இன்னும் மேலேதான் போயிருக்கிறது.

இந்தக் கரைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பாய்மரம் புதிதில்லை. கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போன தூத்துக்குடித் தோணிகள் அப்படி ஓடியவைதான். அங்கே ஆள் பஞ்சம் இருந்ததில்லை, அவ்வளவுதான்.

கம்பி எண்ணுதல்

ஸ்லூப்பில் முன்கம்பி 1, பின்கம்பி 1, உச்சிப் பக்கக் கம்பி 2, கீழ்ப் பக்கக் கம்பி 4. எட்டு கம்பி, பதினாறு முனை. கெட்ச்சில் பெரிய மரத்துக்கு ஒன்பது, ஏனென்றால் பின்கம்பி போகும் வழியில் மிசன் நிற்பதால் அதை இரண்டாகப் பிரித்துப் பக்கத்துக்கு இழுக்க வேண்டும். மிசனுக்கு ஆறு. இரண்டு உச்சியையும் இணைக்கும் கம்பி ஒன்று. மொத்தம் பதினாறு கம்பி, முப்பத்திரண்டு முனை. அந்த இணைப்புக் கம்பி இந்தக் கெட்ச்சின் மோசமான அம்சம்: ஒரு மரம் விழுந்தால் மற்றதையும் கூட இழுத்துக்கொண்டு போகும்.

துருப்பிடிக்காத கம்பியைப் பத்து, பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். இங்கே வெயிலும் உப்பும் சேர்ந்து அடிப்பதால் பத்தையே எல்லையாக வைக்க வேண்டும். கம்பி நடுவில் அறுவதில்லை. முனையில், அமுக்கிய குழாய்க்குள் உப்புநீர் இறங்கி அரிக்கிறது, மயிரிழை விரிசல் விழுகிறது. கீழ்முனைகள் முதலில் போகும், தண்ணீர் வடிந்து அங்கேதான் தங்கும். மாதத்துக்கு இரண்டு ஞாயிறு மதுரையிலிருந்து கார் எடுத்து வருகிறவருக்குப் பதினாறு முனையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது ஒரு காலை வேலை. முப்பத்திரண்டு என்றால் பாதியில் விட்டுவிடுவார். விட்டது எதுவோ அதுதான் அறும்.

பாய்க்கும் அப்படியே. இந்த வெயிலில் துணிக்கு முன் நூல் போகும். கெட்ச்சுக்குக் கூடுதலாக ஒரு பாய், ஒரு உறை, ஒரு பூம், ஒரு வின்ச். மதுரையில் தார்ப்பாய் தைக்கும் கடைகளில் உறை தைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. பாயை மட்டும் அங்கே கொடுக்கக் கூடாது; நேர்த்தையல் இழுவிசையில் வரிசையாகப் பிரியும். பாய்க்கு வளைந்து வளைந்து போகும் தையலும் வெயில் தாங்கும் பாலியஸ்டர் நூலும் வேண்டும்.

கெட்ச் ஜெயிக்கும் இரண்டு இடங்கள்

முதலாவது உயரம். நீர்மட்டத்திலிருந்து ரேடியோ ஆன்டெனா நுனிவரை ஸ்லூப் 16.4 மீட்டர், கெட்ச் 14.4. பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தின் 72.5 மீட்டர் தூக்குப் பகுதி 17 மீட்டர் மேலே உயரும். ஆனால் பக்கத்தில் 1988-ல் திறந்த சாலைப் பாலம் அசையாது. நமக்கு எல்லை போடுவது அதுதான். அன்றைய நீர்மட்டத்தில் அடியில் எவ்வளவு இடைவெளி, கால்வாயில் எவ்வளவு ஆழம் என்று பாம்பன் துறைமுக அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்காமல் 16 மீட்டர் மரத்தோடு அந்தப் பக்கம் போகக் கூடாது. வளைந்தாடும் ஆன்டெனாவைக் கழித்தாலும் அலையில் படகு மேலெழும் அளவை உயரத்தோடு கூட்ட வேண்டும். இந்தத் தம்பதியின் திட்டம் மேற்குக் கரை. பாம்பன் வழி வருடத்துக்கு ஒருமுறை வந்தால் அதிகம். தொண்டி, நாகப்பட்டினம் என்று வாடிக்கையாக ஓடுகிறவர் என்றால் அந்த இரண்டு மீட்டரே முடிவைப் புரட்டிப் போடலாம்.

இரண்டாவது நங்கூரம். கிழக்குக் கரையில் மூடிய குடா குறைவு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அனுமதியில்லாமல் அவற்றின் ஒதுங்கலில் போய் நங்கூரம் போட முடியாது, பவளத்தின் மேல் போடவே கூடாது. திறந்த கடலோரத்தில் நிற்கும்போது ஸ்லூப்பின் மூக்கு காற்றில் இடமும் வலமும் அலையும், சங்கிலி திடீர் திடீரென்று இழுபடும், நங்கூரம் பிடி விடுவது அந்த இழுப்பில்தான். கெட்ச்சில் மிசனை ஏற்றி நடுவில் இறுக்கிக் கட்டினால் படகு காற்றுக்கு நேராக நிற்கும். இதற்காகவே கெட்ச் வாங்குகிறவர்கள் உண்டு.

ஆனால் அந்த வசதியை ஸ்லூப்பிலும் வரவழைக்கலாம். 3.5 சதுர மீட்டரில் கனத்த துணியில் ஒரு சின்ன முக்கோணப் பாய்; பின்கம்பியில் கொக்கி மாட்டி, உபரி ஏற்றுகயிறில் ஏற்றி, இழுகயிறை முன்னோக்கி படகின் நடுக் கட்டையில் கட்டுவது. உப்பலே இல்லாமல் தட்டையாக வெட்டியிருக்க வேண்டும். உப்பினால் படபடவென்று அடித்து ராத்திரித் தூக்கம் போய்விடும். 10 மி.மீ. சங்கிலியை ஆழத்தின் ஐந்து மடங்கு விட்டு, இந்தப் பாயையும் ஏற்றினால் அலைச்சல் பெருமளவு அடங்கும். இரண்டாவது மரத்தின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

முடிவும், பணம் கைமாறுவதற்கு முன்பும்

ஸ்லூப். நிபந்தனை மூன்று: மூன்றாவது ரீஃப் தைக்க வேண்டும், கழற்றக்கூடிய உள் முன்கம்பி போட வேண்டும், ரீஃப் கயிறுகள் சுக்கானடிக்கு வர வேண்டும். மெயின் 40 சதுர மீட்டரைத் தாண்டும் படகாக இருந்தால், அல்லது பக்கக் காற்றிலேயே நாள்கணக்கில் ஓடும் நீண்ட கடல்வழி திட்டத்தில் இருந்தால், பதில் கெட்ச் ஆகியிருக்கும்.

உள் முன்கம்பி போடுகிறவர்கள் மறப்பது இரண்டு. மேலே அது மரத்தில் சேரும் உயரத்தில் பின்னோக்கி இழுக்க ஏதாவது இருக்க வேண்டும். உச்சிக்கு மிக அருகில் சேர்ந்தால் தனியாகத் தேவையில்லை, கீழே இறங்கினால் இருபுறமும் தற்காலிகப் பின்கம்பி வேண்டும். அடியில் அதன் கொக்கியைத் தளத்தின் வெறும் ஃபைபரில் திருகிவிடக் கூடாது, தளத்தைத் தூக்கிவிடும். கீழே படகின் மூக்குச் சுவரோடு கம்பியாலோ தகட்டாலோ பிணைக்க வேண்டும்.

ஸ்லூப்பைப் பார்வையிட்டபோது வலப்பக்க உச்சிக் கம்பியின் செயின்பிளேட் (கம்பியைப் படகோடு பிணைக்கும் தகடு) தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தில் பழுப்புக் கறை இருந்தது. மேலே பளபளப்பு, தகட்டைக் கழற்றினால்தான் தெரியும், காற்றுப் படாத அந்த இரண்டு அங்குலத்தில் குழி குழியாக அரிப்பு. ஒன்றில் இருந்தால் ஆறையும் கழற்ற வேண்டும். புதிதாகக் கப்பலூர் தொழிற்பேட்டைப் பக்கம் வெட்டிக்கொள்ளலாம்: 8 மி.மீ. கம்பிக்கு 8 மி.மீ. தகடு, இணைப்பு முள் நுழையும் துளை 16 மி.மீ., துளை ஓரத்திலிருந்து தகட்டு ஓரம்வரை குறைந்தது இன்னொரு 16. தகடு 316 ரகமாக (மாலிப்டினம் கலந்த துருப்பிடிக்காத எஃகு) இருக்க வேண்டும். காந்தம் வைத்துப் பார்த்து “ஒட்டவில்லை, நல்ல சரக்கு” என்று கடையில் காட்டுவார்கள். மாலிப்டினம் இல்லாத 304-லும் காந்தம் ஒட்டாது. மாலிப்டினம் சோதனைத் திரவத்தில் ஒரு சொட்டு விட்டால் நிறம் மாறுவதில் தெரிந்துவிடும். துளையின் உள்விளிம்பைத் தேய்த்து மெருகேற்றச் சொல்ல வேண்டும், விரிசல் அங்கேதான் தொடங்கும். தளத்தின் உள்ளே மரக்கட்டை ஊறியிருக்கிறதா என்று சின்னத் துளையிட்டுப் பார்த்து, ஈரம் இருந்தால் காயவைத்து எபாக்சி ஊற்றி அடைத்த பிறகே புதுத் தகட்டை இறக்க வேண்டும்.

இந்த வேலைகள் ஐப்பசி, கார்த்திகை மழையில் நடக்காது. புரட்டாசிக்குள் மரத்தை இறக்கி முடித்தால் தை பிறந்ததும் குமரிக்கு இறங்கலாம், சித்திரை முடிவதற்குள் திரும்பிவிடலாம்.